மதகுக்கு வந்த இரண்டு வெளிச்சம்

அத்தியாயம் 7

“ஒரு டார்ச் லைட்டை ரெண்டு தடவை அமுக்கத் தெரியுமா ஆசியா?” என்று கேட்டார் சாரங்கபாணி சார்.

“பி.ஏ. படிச்சிருக்கேன் சார். முயற்சி பண்ணிப் பாக்கறேன்.”

மன்னார்குடி கிளைச் சிறையின் பார்வையாளர் அறையில், துப்பறிவாளரான சாரும் அவர் உதவியாளரான நானும் நின்றுகொண்டிருந்தோம். கம்பிக்கு அந்தப் பக்கம் இளையபெருமாள். நான் சிரிக்கவைக்கப் பார்த்தது அவரிடம் எடுபடவில்லை. என் மேலேயே எனக்கு எரிச்சலாக இருந்தது.

இளையபெருமாள் பொதுப்பணித் துறையில் லஸ்கர். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்தில் மதகைத் திறப்பதும் மூடுவதும் அவர் வேலை. பதினோரு நாட்களுக்கு முன்பு, பொழுது சாய்கிற நேரத்தில் மதகைத் திறந்தார். அங்கிருந்து இரண்டு ஃபர்லாங் தள்ளி, சாலைக்கு அடியில் போகும் குழாயின் வாயில் இறங்கி, அடைத்திருந்த ஆகாயத்தாமரையை இழுத்துக்கொண்டிருந்தார் சிங்காரவேலு. திறந்துவிட்ட தண்ணீர் அவரை அப்படியே குழாய்க்குள் திணித்துவிட்டது. வெளியே எடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று.

அவர் சாதாரண ஆளாக இருந்திருந்தால் விபத்து என்று எழுதி முடித்திருப்பார்கள். அவர் குத்தகை விவசாயிகள் சங்கத் தலைவர். நாற்பத்திரண்டு குடும்பங்களை நிலத்தை விட்டு வெளியேற்றப் பார்க்கும் பெரிய பண்ணையோடு ஆறு வருஷமாக மல்லுக்கு நின்றவர். மறுநாளே ‘பண்ணையின் சதி’ என்று சுவரெல்லாம் போஸ்டர். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டும் இரங்கல் கூட்டம் போட்டன. யாரையாவது உள்ளே வைக்காமல் போலீசாருக்குத் தீராது. பண்ணையிடம் கை நீட்டிவிட்டு வேண்டுமென்றே திறந்தார் என்று இளையபெருமாள் மேல் கொலை வழக்குப் போட்டார்கள்.

அவர் சொல்வது ஒன்றுதான். “வெளிச்சம் வந்துச்சுங்க. அதான் திறந்தேன்.”

அந்த வாய்க்காலில் அது வழக்கம். அடைப்பு எடுக்க ஆள் இறங்கினால் மதகை மூடிவிடுவார்கள். வேலை முடிந்து கரை ஏறியதும் டார்ச்சை இரண்டு முறை காட்ட வேண்டும். இரண்டு என்றால் திற. ஒன்று என்றால் மூடு. தொண்ணூற்றொன்பதாம் வருஷத்தில் வேறு எப்படிச் சொல்வது? செல்போன் எல்லாம் மந்திரிகளின் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் சிங்காரவேலுவின் டார்ச், கரையில் பூவரச மரத்தில் மாட்டியிருந்த அவர் சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. ஆகவே வெளிச்சமே வரவில்லை, லஸ்கர் பொய் சொல்கிறார் என்பது போலீஸ் கட்சி.

நான் டார்ச்சை இரண்டு முறை அமுக்கினேன்.

“இப்படியா?” என்றார் சார்.

இளையபெருமாள் தலையை ஆட்டினார். “இல்லீங்க. அந்தப் பொண்ணு காட்டினதுல முதல்ல வந்தது நீளம், அடுத்தது குட்டை. அன்னைக்கு ரெண்டும் ஒரே அளவு. அளந்து வெச்ச மாதிரி.”

ஐந்து முறை அமுக்கினேன். ஐந்து முறையும் இல்லை என்றார். பக்கத்தில் நின்ற ஏட்டு, “டார்ச் பேட்டரி என்ன விலை தெரியுமாம்மா?” என்று பெருமூச்சு விட்டார்.

“ஒவ்வொரு தடவையும் எரிஞ்ச விளக்கு ஒண்ணா, ரெண்டா?” என்று கேட்டார் சார்.

“ஒண்ணுதாங்க. நல்ல வெள்ளையா, பெருசா.”

“சிங்காரவேலு காட்டுற மாதிரி இருந்துச்சா?”

இளையபெருமாள் கம்பியைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இல்லீங்க. அவரு டார்ச்சை ஆட்டிக்கிட்டே காட்டுவாரு. கை ஒரு இடத்துல நிக்காது. வித்தியாசமா இருக்கேன்னு ஒரு நிமிஷம் தோணத்தான் செஞ்சுது. கடைமடையில நாத்து காயுதுன்னு காலையிலேருந்து பத்து பேரு வந்து சத்தம் போட்டுட்டுப் போயிருந்தாங்க. மழை வேற இருட்டிக்கிட்டு வந்துச்சு. திறந்துட்டேன்.” குரல் உடைந்தது. “நான்தாங்க திறந்தேன். அதை நான் இல்லேன்னு சொல்லல.”

வெளியே வந்தபோது அவர் மனைவி தர்மாம்பாள் தூக்குச் சட்டியோடு நின்றிருந்தார். வழக்கு என்ன ஆகும், ஜாமீன் கிடைக்குமா, ஒன்றும் கேட்கவில்லை. “கண்ணு உள்ள போயிருக்காம்மா?” என்று மட்டும் கேட்டார். இல்லை, நன்றாக இருக்கிறார் என்று பொய் சொன்னேன். பொய் சொல்வது இந்தத் தொழிலில் பழகிவிடும் என்று சார் சொல்வார். அன்றைக்குப் பழகவில்லை.

“மனுஷன் கை ரெண்டு தடவை ஒரே அளவா அமுக்காது ஆசியா,” என்றார் சார், தன் பழைய பத்மினி காரை நோக்கி நடந்தபடி. “அது மெஷின் காட்டின வெளிச்சம்.”

“வாய்க்கால் கரையில என்ன சார் மெஷின்? நடவு மெஷினே இன்னும் வரல.”

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதே நேரம் எதிரே ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டாக்டர் தன் புதுக் காரிலிருந்து இறங்கி, திரும்பிப் பார்க்காமலே சாவியை அமுக்கினார். கார் கீங் கீங் என்று கத்தியது. நான்கு மூலையிலும் இண்டிகேட்டர் இரண்டு முறை மின்னியது.

சார் தெருவைக் கடந்து ஓடினார். “டாக்டர், இன்னொரு தடவை பூட்டுங்க!”

டாக்டர் இவருக்கு என்ன வியாதி என்று யோசித்துக்கொண்டே பூட்டினார். இரண்டு மின்னல். ஒரே அளவு. அளந்து வைத்த மாதிரி.

“ஆனா மஞ்சள் சார். மொச்சைக் கொட்டை அளவு வெளிச்சம். ரெண்டு ஃபர்லாங் தாண்டி மின்மினிகூட இதை மதிக்காது.”

“இதையே வெள்ளையா, பெருசா மாத்த முடியுமா?”

“நம்ம பத்மினிக்கா? அதைத் திருட வர்றவன் முதல்ல தள்ளணும். அலாரமே வேண்டாம்.” அவர் சிரிக்கவில்லை. “முடியுமான்னு எனக்குத் தெரியாது சார். கூத்தாநல்லூர் ரோட்டுல ஜெக்கரியா நானாவுக்குத் தெரியும். எங்க ஊர்க்காரர்தான்.”

அதற்குள் எங்களை இந்த வழக்கில் அமர்த்தியவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செத்துப்போன சிங்காரவேலுவின் ஒரே தம்பி நடராசன். ஆறு வருஷத்துக்கு முன்பு அண்ணனுக்குத் தெரியாமல், தன் பங்குக் குத்தகை உரிமையைப் பண்ணைக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டு, கிடைத்ததை வைத்து துபாய்க்கு விமானம் ஏறியவர். சங்கத் தலைவரின் தம்பியே எழுதிக் கொடுத்துவிட்டான் என்று பண்ணை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தது. அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேச்சு வார்த்தை இல்லை. சமாதானம் பேச என்று ஆறு வருஷம் கழித்து அன்றைக்குச் சாயங்காலம் வந்தவருக்கு அண்ணனுக்குக் கொள்ளி வைக்கத்தான் வாய்த்தது. சிங்காரவேலுவுக்குப் பிள்ளை இல்லை. அண்ணி ஞானாம்பாள் மனசு இரங்கி, நடராசனை வீட்டில் சேர்த்துக்கொண்டார்.

துபாய்க்காரர் எங்கள் அலுவலகத்துக்கு டவுன் பஸ்ஸில்தான் வந்தார். என்னைப் பேசச் சொல்லி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழகாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். “இளையபெருமாள் பொய் சொல்ற ஆளில்ல. பண்ணை ஆளுங்க யாரோ டார்ச் அடிச்சு அவனை ஏமாத்தியிருக்காங்க. அந்த வெளிச்சத்தைக் காட்டினவனை எனக்குக் கண்டுபிடிச்சுக் குடுங்க,” என்று உரத்த குரலில் கேட்டார்.

எங்கள் ஊரில் அண்ணனை நானா என்போம். ஜெக்கரியா நானா குவைத்தில் பதினைந்து வருஷம் கார் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். கடையில் மல்லிகைப் பூ மாலையைப் போல வயர்கள் சுருள் சுருளாகத் தொங்கின.

“அலாரம் அமுக்கினா இண்டிகேட்டருக்குப் பதிலா ஹெட்லைட் எரியணும். முடியுமா நானா?”

“ஏன் முடியாது தங்கச்சி?” அவர் ஒரு தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டியை மேசையில் வைத்தார். “ரிலே. அலாரப் பெட்டியிலேருந்து வர்ற வயர் தலைமுடி கனம். அது இண்டிகேட்டருக்குத்தான் தாங்கும். நேரா ஹெட்லைட்ல குடுத்தா பெட்டி கருகிடும். அதனால நடுவுல இதை வைக்கிறோம்.” பெட்டியின் அடியில் நான்கு கால்கள். ஒவ்வொன்றிலும் ஒரு எண். “எண்பத்தஞ்சுலயும் எண்பத்தாறுலயும் அலாரத்தோட சின்ன கரண்ட். முப்பதுல ஃபியூஸ் போட்டு பேட்டரியிலேருந்து தடி வயர். எண்பத்தேழுலேருந்து லைட்டுக்கு. சின்ன கரண்ட் வந்து சொன்னா, இது உள்ள டக்குனு ஒட்டிக்கிட்டு பெரிய கரண்டைத் திறந்துவிடும். கையால வேலை செய்யறது இது. சொல்றது வேற ஆளு.”

“யாரு சொன்னதுன்னு இதுக்குத் தெரியுமா?” என்றார் சார்.

நானா சிரித்தார். “இதுக்கென்ன சார் தெரியும்? சொன்னா திறக்கும்.”

சார் அந்த ரிலேயைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார். “இளையபெருமாள்,” என்று முணுமுணுத்தார்.

“எத்தனை காருக்கு இப்படிப் பண்ணிக் குடுத்திருக்கீங்க நானா?” என்றேன்.

“ஒண்ணே ஒண்ணுதான். யாரு கேக்கப் போறா? அந்த மனுஷனுக்குத் தேவை இருந்துச்சு. வெளிநாட்டுல கப்பல் பட்டறையில வேலை. சுத்தியல் சத்தத்துலயே காது போயிடுச்சு. கார் கீங்குனு கத்தினா அவருக்குக் கேக்காது. பூட்டிச்சா இல்லையான்னு சந்தேகம், நாலு தடவை திரும்பி வந்து கதவை இழுத்துப் பாப்பாராம். ‘கண்ணுக்குத் தெரியற மாதிரி பண்ணிக் குடுங்க பாய்’னாரு. பண்ணிக் குடுத்தேன். பூட்டினா ரெண்டு, திறந்தா ஒண்ணு.”

என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த முகம் எனக்கு ஞாபகம் வந்தது. பெயரைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

சார் கேட்டார். “என்னைக்குப் பண்ணினீங்க?”

“போன ஞாயித்துக்கிழமைக்கு முந்தின ஞாயிறு மத்தியானம். வெள்ளை மாருதி. இடது பக்க பல்பு வேற போயிருந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு வாங்க, வாங்கி வெக்கிறேன்னேன். அண்ணனைப் பாக்கப் போறேன் பாய், இன்னைக்கே போகணும்னாரு. சின்னப் பிள்ளை மாதிரி கடை வாசல்ல நின்னு பூட்டிப் பூட்டிப் பாத்துட்டுப் போனாரு.” நானா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏன் சார், நல்லா வேலை செய்யுதில்ல?”

“நல்லா வேலை செஞ்சிருக்கு பாய்,” என்றார் சார்.

பத்மினி பாமணி ஆற்றுக் கரையோடு போயிற்று. இரண்டு பக்கமும் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. எனக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது. நானா மேல், அலாரம் செய்தவன் மேல், இதைக் கண்டுபிடித்த சார் மேல்.

“சொல்லாம விட்டா என்ன சார்? பண்ணை மேலயே இருந்துட்டுப் போகட்டும். அவங்க என்ன உத்தமங்களா?”

“பண்ணை வெளியில இருக்கு ஆசியா. உள்ள இருக்கறது இளையபெருமாள். வெளிச்சம் யாரோடதுன்னு ஒருத்தர் வந்து சொன்னாத்தான் அவரு வெளியில வர முடியும்.”

 

சிங்காரவேலு வீட்டு வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. இரண்டு கட்சிக் கொடியும் ஒரே மூங்கிலில் கட்டியிருந்தார்கள். உயிரோடு இருந்தபோது சிங்காரவேலுவால் முடியாத காரியம் அது. நடராசன் மொட்டைத் தலையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சங்கச் செயலாளர் தங்கமணி. மாட்டுக் கொட்டகைக்கு எதிரே, தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு கார் நின்றது.

“வெளிச்சம் காட்டினவன் ஆப்பிட்டானா சார்?” என்று எழுந்தார் நடராசன்.

சார் கொஞ்சம் நெருங்கி, வாய் தெரியும்படி நின்று, நிதானமாகப் பேசினார். “அந்தக் காரை அன்னையிலேருந்து எடுக்கவே இல்லையா?”

“பிடிக்கல சார். அதுலதானே வந்தேன்.”

“ஒரே ஒரு தடவை பூட்டிக் காட்டுங்க.”

நடராசன் புரியாமல் தார்ப்பாயை இழுத்தார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அமுக்கினார். மேகம் கவிந்த சாயங்கால வெளிச்சத்தில், எதிரே இருந்த கொட்டகைச் சுவர் பளிச்சென்று வெளுத்தது. இருண்டது. மறுபடி வெளுத்தது. இருண்டது. வலது பக்க விளக்கு மட்டும்தான் எரிந்தது.

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு சாரைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, வயல்களுக்கு அப்பால் மதகு இருக்கும் திசையைப் பார்த்தார். சாவி அவர் கையிலிருந்து விழுந்தது. அது விழுந்த சத்தமும் அவருக்குக் கேட்டிருக்காது.

தங்கமணிக்கு விஷயம் விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. விளங்கியதும் சாரின் கையைப் பிடித்தார். “சார், இது இந்தப் பந்தலோட இருக்கட்டும். பண்ணை மேல கேஸ் திரும்பற நேரம். இப்பப் போயி தம்பி காருன்னு சொன்னா எங்க போராட்டம் என்னாகும்? நாப்பத்திரண்டு குடும்பம் சார்!”

“தங்கமணி.”

ஞானாம்பாள் நிலைப்படியில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. “பண்ணை மேல சொல்றதுக்கு நெசமாவே ஆயிரம் இருக்கு. இல்லாததைச் சேக்க வேணாம். அவரு இருந்தா இதைத்தான் சொல்லுவாரு.” பிறகு நடராசனைப் பார்த்து, குரலை உயர்த்தினார். “நம்ம கரையில யாரு தம்பி காரைத் திருடப் போறா? எதுக்குப் பூட்டினீங்க?”

“பழக்கம் அண்ணி,” என்றார் நடராசன்.

அவர் வாசலில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். “நான் வர்றப்பவே தண்ணி வந்துடுச்சுன்னு போலீஸ்ல சொன்னேன்ல அண்ணி, அது பொய். மதகைப் பாத்தாப்புல கரையில காரை நிறுத்தி, பூட்டிட்டு காருகிட்டயே ரொம்ப நேரம் நின்னேன். எந்த முகத்தோட பேசறதுன்னு தெரியல. அப்புறம் மனசைத் திடப்படுத்திக்கிட்டு நடந்தேன். அண்ணன் குழாயிலேருந்து தலையைத் தூக்கினாரு. என்னைப் பாத்துட்டாரு. கையைத் தூக்கி என்னமோ சத்தம் போட்டாரு. எனக்குக் கேக்கல அண்ணி. வராத, அப்படியே போயிடுன்னு சொல்றாருன்னு நெனச்சேன். நின்னுட்டேன்.”

நடராசன் தன் கையைத் தூக்கி, அண்ணன் தூக்கியதைப் போலவே காட்டினார்.

“கண்ணை மூடித் திறந்து பாக்கறேன், ஆளைக் காணோம். கோவத்துல திரும்ப உள்ள குனிஞ்சு வேலை பாக்கறாருன்னு நெனச்சு, அப்பவும் நின்னுக்கிட்டே இருந்தேன் அண்ணி.”

இதுவரை பன்னிரண்டு வழக்கு பார்த்திருக்கிறேன். குற்றவாளி அழுது பார்த்திருக்கிறேன். குற்றமே இல்லாதவர் இப்படி அழுது பார்த்ததில்லை.

ஞானாம்பாள் படி இறங்கி வந்தார். அவர் காதருகே குனிந்து, அவருக்குக் கேட்கும்படி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். “ஆறு வருஷமா தெனம் சோத்துல கை வெக்கறப்ப, ‘அந்தப் பய சாப்பிட்டானோ என்னமோ’ன்னு கேட்டவரு தம்பி உங்க அண்ணன். அவரா உங்களை வராதேம்பாரு? தண்ணி வந்திருக்கு. கை குடுடான்னு கூப்பிட்டிருக்காரு.”

ஆறுதலாகத்தான் சொன்னார். நடராசன் நெற்றியைத் தரையில் வைத்துக்கொண்டார்.

ஞானாம்பாள் நிமிர்ந்து சாரிடம், “இவரை இப்பவே ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. தர்மாம்பா புருஷன் இனி ஒரு பொழுதுகூட உள்ள கெடக்க வேணாம்,” என்றார். நாங்கள் நடராசனைத் தூக்கிக் காரில் உட்காரவைத்தோம். கதவைச் சாத்தும்போது ஞானாம்பாள் என் தோளைத் தொட்டார். தாழ்ந்த குரலில் என்னிடம் இரண்டே வாக்கியம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் முதலில் நம்பவில்லை. சார் ஜெக்கரியா நானாவைப் பற்றிச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எழுத்தர் சாப்பிடப் போயிருந்ததால் வாக்குமூலத்தை நானே டைப் அடித்தேன். நடராசன் எதையும் விடவில்லை. காரருகே நின்றதை, கையைப் பார்த்தும் நின்றதை, எல்லாவற்றையும் சொல்லி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். விளக்கை நேரில் சோதித்துவிட்டு, நாளைக்குக் காலையிலேயே கோர்ட்டில் அறிக்கை வைப்பதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். இளையபெருமாள் சனிக்கிழமைக்குள் வீட்டுக்குப் போய்விடுவார். தர்மாம்பாளுக்கு ஆள் அனுப்பினோம்.

வெளியே வந்ததும் நடராசன் ஸ்டேஷன் படியில் நின்றார். வந்ததிலிருந்து அவர் முகத்தில் இல்லாத ஒரு தெளிவு இப்போது இருந்தது. பாரத்தை இறக்கிவைத்தவர் முகம்.

“நாம கிளம்பறப்ப அண்ணி உன்கிட்ட என்னமோ சொன்னாங்களேம்மா,” என்றார். “என்ன சொன்னாங்க? எனக்குக் கேக்கல.”

நான் சாரைப் பார்த்தேன். மாற்றிச் சொல்லலாம். பதினாறாம் நாள் காரியத்துக்குச் சீக்கிரம் வரச் சொன்னார் என்று சொல்லலாம். அவர் நம்புவார். நம்பிக்கொண்டு அந்த வாசலில் போய் நிற்பார். சார் எனக்கு உதவிக்கு வரவில்லை. கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞானாம்பாள் அதை மிகத் தாழ்ந்த குரலில், கிட்டத்தட்டக் கெஞ்சுவதைப் போலச் சொல்லியிருந்தார். மெதுவாகச் சொல்லத்தான் தகும் அது. ஆனால் நடராசனிடம் எதையும் மெதுவாகச் சொல்ல வழியில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவர்கள் திரும்பிப் பார்க்க, நான் உரக்கச் சொன்னேன்.

“அவரு பாவம், அவரு மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா இனிமே இந்த வாசலுக்கு வர வேணாம்னு சொல்லிடும்மா, அவரைப் பாக்கறப்பல்லாம் எனக்கு அந்தக் கைதான் தெரியும்னு சொன்னாங்க.”

நடராசன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கேட்டுவிட்டது என்று தலையை ஆட்டினார்.